பழுதான ஸ்கிரப்பர், பிடிக்கப்பட்ட ஊதியம்: யார் பொறுப்பு?

அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிகள் பிரிவில் தரை கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் தம் ஊதியச் சீட்டுடன் என்னைச் சந்திக்க வந்தார். அம்மாத ஊதியத்தில் 3,500 ரூபாய் குறைந்திருந்தது. ‘சேதம்’ என்ற ஒற்றைச் சொல்தான் காரணமாகக் குறிக்கப்பட்டிருந்தது. “நான் ஓட்டுறப்ப மெஷின் நின்னுபோச்சு வக்கீலம்மா. அதனால நான்தான் கெடுத்தேன்னு சொல்லிட்டாங்க” என்றார். அவர் குறிப்பிட்ட மெஷின், மின்கலத்தில் இயங்கும் ஸ்கிரப்பர் எனப்படும் தரை கழுவும் இயந்திரம். வேறோர் இடத்தில் சில ஆண்டுகள் ஓடிய பிறகே ஒப்பந்ததாரர் அதனை அம்மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருந்தார். அது நின்ற நாள்முதல் ஆறு வாரங்களாக அதே பரப்பை அவரும் உடன் பணியாற்றும் இரு பெண்களும் மாப்பும் வாளியும் கொண்டு துடைத்து வந்தனர்.

பழைய இயந்திரத்தைப் பழுது நீக்குவதா, புதிதாக வாங்குவதா என்பது கொள்முதல் அதிகாரியும் ஒப்பந்ததாரரும் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வியாகவே கருதப்படுகிறது. அந்த முடிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் யாருடைய தோளிலும் முதுகிலும் ஏறுகிறது என்பதைப் பார்த்தால், அது தொழிலாளர் உரிமைக் கேள்வி. இந்நாட்டில் தூய்மைப் பணி யார்மீது சுமத்தப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் கொண்டால், சாதிக் கேள்வியும்கூட. அதனை எதிர்கொள்ளச் சட்ட அறிவு மட்டும் போதாது. இயந்திரத்தைப் பற்றிய அறிவும் வேண்டும்.

இயந்திரம் எங்கே பழுதாகிறது?

ஸ்கிரப்பரின் அமைப்பு எளிமையானது. ஒரு தொட்டியில் நல்ல நீரும் சோப்புக் கரைசலும் இருக்கும். அது தரையில் சொட்ட, சுழலும் பிரஷ் தேய்க்கும். பின்புறமுள்ள ரப்பர் பட்டை அழுக்கு நீரை ஒருசேரக் கூட்ட, உறிஞ்சு மோட்டார் அதனை இரண்டாவது தொட்டிக்குள் இழுக்கும். இவை அனைத்தையும் இயக்குபவை, பெரும்பாலான இயந்திரங்களில், ஈய-அமில மின்கலங்கள்.

பழுதுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள்: ரப்பர் பட்டை, பிரஷ், பேட், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ். இயந்திரம் சென்ற வழியில் நீர்க்கோடுகள் தங்கினால் பெரும்பாலும் ரப்பர் பட்டை தேய்ந்திருக்கும். பல இயந்திரங்களில் அதனைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் தேயாத விளிம்பு பயன்படும். இவை செலவு குறைந்த பாகங்கள். காலந்தோறும் மாற்றப்பட வேண்டியவை.

இரண்டாவது வகை, அடைப்பும் கசிவும். நம் ஊர்களின் உப்புநீர் வடிகட்டியிலும் வால்விலும் படிந்து நீர் வரும் வழியை அடைத்துவிடும். உறிஞ்சு குழாயில் நூலும் முடியும் சிக்கும். அழுக்கு நீர்த்தொட்டி மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தால் உறிஞ்சும் விசை குறையும். இவற்றையும் சிறு செலவில் சரிசெய்துவிடலாம்.

மூன்றாவது வகைதான் செலவு மிக்கது: உறிஞ்சு மோட்டார், மின்சுற்றுப் பலகை, மின்கலம். சோப்பு அதிகமானால் நுரை பொங்கி மோட்டாருக்குள் ஏறும். தொட்டி நிறைந்ததும் உறிஞ்சுவதை நிறுத்த வேண்டிய மிதவை பழுதடைந்தால் நீரே உள்ளே புகும். இரண்டிலும் மோட்டார் கருகக்கூடும்.

மின்கலத்தின் ஆயுள், அதில் எத்தனை முறை மின்னேற்ற முடியும் என்பதைப் பொறுத்தது. தரத்தையும் பயன்பாட்டையும் பொறுத்து அது சில நூறு முறையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் முறை வரை இருக்கலாம். நாள்தோறும் ஓடும் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 300 முறைக்கு மேல் மின்னேற்ற வேண்டியிருக்கும். ஆகவே மிக நன்றாகப் பராமரித்தாலும் மின்கலம் சில ஆண்டுகளில் ஓய்ந்தே தீரும். முற்றிலும் வற்றும்வரை ஓட்டினாலோ, மின்னேற்றாமல் நாட்கணக்கில் போட்டுவைத்தாலோ, உள்ளிருக்கும் தகடுகள் நீருக்கு வெளியே தெரியும்படி விட்டாலோ, காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்நீரை ஊற்றினாலோ அந்த ஆயுள் மேலும் சுருங்கும்.

இவ்விவரங்கள் வழக்காடும்போது தேவைப்படுகின்றன. ஓர் இயந்திரம் யார் கையில் இருக்கும்போது நின்றது என்பதும், யாரால் நின்றது என்பதும் வெவ்வேறு கேள்விகள். மூன்றாண்டு உழைத்த மின்கலம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நின்றுபோனால், அன்று கைப்பிடியைப் பிடித்திருந்தவர் அதற்குக் காரணமாகிவிட மாட்டார்.

பழுது நீக்கலா, புதியதா?

நேர்மையாகக் கணக்கிட்டால் இதற்கு விடை காண்பது கடினமன்று. முதலில் இயந்திரத்தின் உடற்பகுதியைப் பார்க்க வேண்டும். தொட்டிகளில் விரிசலோ, சட்டகத்தில் துருவோ இல்லையென்றால், மின்கலமும் மோட்டாரும் ஓய்ந்துபோன இயந்திரத்தைக்கூட மீட்கலாம். இரண்டாவதாக, உதிரி பாகம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். உற்பத்தி நிறுத்தப்பட்ட மாதிரியின் மின்சுற்றுப் பலகைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைவிடப் புதியது வாங்குவதே சிக்கனம். மூன்றாவதாக, பழுது நீக்கியபின் அது எவ்வளவு காலம் ஓடும் என்று பார்க்க வேண்டும். பழுதுச் செலவை அத்தனை மாதங்களால் வகுத்து, புதிய இயந்திரத்தின் மாதச் செலவோடு ஒப்பிட வேண்டும். மின்கலங்கள் அனைத்தையும் ஒருசேர மாற்றுவதே முறை. ஓய்ந்த ஒன்றை மட்டும் மாற்றினால், பழையவை புதியதையும் விரைவில் கீழே இழுத்துவிடும்.

பயன்படுத்திய இயந்திரத்தை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அது ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரைப் படிக்க வேண்டும். மின்கலம் தயாரிக்கப்பட்ட தேதியைப் பார்க்க வேண்டும். முழுதும் மின்னேற்றி, நீர் நிரப்பி, ஒரு பணிநேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட விளக்கத்தில் எந்தப் பழைய மின்கலமும் நன்றாகவே இயங்கும்.

இவ்வளவு எளிய கணக்கு ஏன் போடப்படுவதில்லை? விடை ஒப்பந்தத்தின் அமைப்பில் இருக்கிறது. இயந்திரத்தின் ஆயுள் பல ஆண்டுகள். தூய்மைப் பணி ஒப்பந்தங்களோ பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கானவை. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கையில் மின்கலம் ஓய்ந்தால், புதியதன் பயனில் பெரும்பகுதி தமக்குக் கிடைக்காது என்று ஒப்பந்ததாரர் கருதுவார். இயந்திரம் ஒப்பந்ததாரருடையது என்று நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ளும். ஒப்பந்தப் புள்ளியில் ‘ஸ்கிரப்பர் ஒன்று இருக்க வேண்டும்’ என்றுதான் எழுதியிருக்கும்; அது ஓட வேண்டும் என்று எழுதியிராது. ஓடாத இயந்திரமும் அந்நிபந்தனையை நிறைவு செய்துவிடுகிறது.

செலவில்லாத மூன்றாவது வழி

இவ்வாறு பழுதும் நீக்கப்படாமல் புதியதும் வாங்கப்படாமல் மூன்றாவது வழியொன்று, யாரும் கையெழுத்திடாமலேயே, தேர்ந்தெடுக்கப்படுகிறது. அது தொழிலாளியின் உடல்.

50 செ.மீ. அகலம் தேய்க்கும் இயந்திரம் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நடத்தப்பட்டால், கணக்குப்படி 1,500 சதுர மீட்டரைக் கடக்கும். திரும்புவதிலும் நீர் மாற்றுவதிலும் பாதி நேரம் கழிந்தாலும் 750 சதுர மீட்டர் மிஞ்சும். அப்பரப்பை மாப்பினால் துடைப்பவர் 10 லிட்டர் வாளியை, அதாவது 10 கிலோ எடையை, ஒரு பணிநேரத்தில் 30 முறை மாற்றுகிறார் என்று கொள்வோம். 300 கிலோ நீரைத் தூக்கி வந்து, 300 கிலோ அழுக்கு நீரைத் தூக்கிச் சென்று கொட்டுகிறார். குனிவதும் பிழிவதும் இக்கணக்கில் சேரவில்லை. இயந்திரம் உறிஞ்சியிருக்க வேண்டிய நீர் தரையிலேயே தங்குவதால் நோயாளிகள் வழுக்கி விழும் வாய்ப்பும் கூடுகிறது. விழுந்தால் அதற்கும் துடைத்தவரே பொறுப்பாக்கப்படுவார்.

இயந்திரத்தின் பழுது எந்தப் பதிவேட்டிலும் செலவாக ஏறாததற்குக் காரணம், அதனை ஈடுசெய்யும் உழைப்புக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் தரப்படுவதில்லை என்பதே. எக்ஸ்ரே இயந்திரம் நின்றால் மருத்துவர் வெறுங்கண்ணால் எலும்பைப் பார்க்கட்டும் என்று எவரும் கூறுவதில்லை. தரை கழுவும் இயந்திரம் நின்றால் மட்டும் ‘அவர்கள் இருக்கிறார்களே’ என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. அந்த ‘அவர்கள்’ யார் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அழுக்கை அகற்றுவது சில சாதிகளின் இயல்பான கடமை என்ற எண்ணம் இல்லாவிட்டால், ஆறு வாரங்கள் ஓர் இயந்திரம் படிக்கட்டுக்கு அடியில் கிடக்க நிர்வாகம் விட்டிருக்காது.

அண்ணல் அம்பேத்கர் 1945-இல் வெளியான, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்குச் செய்தது என்ன என்று வினவும் நூலில், காந்தியத்தின் இயந்திர எதிர்ப்பை மறுத்தார். மனிதரை விலங்கு போன்ற உழைப்பிலிருந்து விடுவித்து ஓய்வைத் தருவது இயந்திரம். அதன் பயன் எல்லோரையும் சென்றடையாமல் தடுக்கும் சமூக அமைப்பே குற்றவாளி என்பது அவர் வாதம். ஓய்ந்த ஸ்கிரப்பரை வைத்துப் பார்த்தால் அவ்வாதம் இன்றும் பொருந்துகிறது. இயந்திரம் வந்தபோது ஆட்கள் குறைக்கப்பட்டார்கள். அது நின்றபோது குறைக்கப்பட்ட ஆட்கள் திரும்ப அழைக்கப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஊதியப் பிடித்தம் குறித்த விதிகள் இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இல் உள்ளன. சேதத்துக்காகப் பிடித்தம் செய்ய அதன் 18, 21 ஆகிய பிரிவுகள் விதிக்கும் நிபந்தனைகள் தெளிவானவை. அப்பொருள் பாதுகாப்புக்காக அத்தொழிலாளியிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். சேதம் அவருடைய கவனக்குறைவு அல்லது தவறினால் நேரடியாக விளைந்ததாக இருக்க வேண்டும். பிடிக்கும் தொகை உண்மையான இழப்பை மிஞ்சக்கூடாது. அனைத்துக்கும் முன்னதாக, விளக்கமளிக்க அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இந்நிபந்தனைகள் புதியவை அல்ல. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இவற்றின் வேர் உள்ளது.

தேய்மானம் கவனக்குறைவு ஆகாது. நான்கு பேர் முறைவைத்து ஓட்டும் இயந்திரத்தை ஒருவரிடம் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று நிறுவுவதும் கடினம். சோப்பின் அளவையும் மின்கலப் பராமரிப்பையும் பற்றி எந்தப் பயிற்சியும் தராமல், காய்ச்சி வடித்த நீரும் வாங்கித் தராமல், பழுதானபின் தவறு என்று கூறுவது நியாயமன்று. நான் பார்த்த ஊதியச் சீட்டில் அத்தொழிலாளி ‘திறன் சாரா’ பிரிவில் இருந்தார். ஊதியம் தரும்போது திறனற்றவர். சேதம் வசூலிக்கும்போது மட்டும் இயந்திர வல்லுநர்.

சட்டவிரோதப் பிடித்தத்தை எதிர்த்து அச்சட்டத் தொகுப்பின் 45-ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டுகளுக்குள் முறையிடலாம். தொழிலாளியே மனு செய்யலாம். அவர் உறுப்பினராக உள்ள, பதிவுபெற்ற தொழிற்சங்கமும் செய்யலாம். உரிய தொகையோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பிடித்தம் சட்டப்படியானது என்று மெய்ப்பிக்கும் சுமை 59-ஆம் பிரிவின்படி வேலையளிப்பவர் மீதே உள்ளது. ஆவணங்கள் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன என்பதால் இது பெரும் துணை.

ஒப்பந்ததாரர் ஊதியத்தைக் குறைத்துத் தந்தால் முதன்மை வேலையளிப்பவர் அதனை ஈடுசெய்ய வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 21(4)-ஆம் பிரிவாக இருந்தது. தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 2020-இன் 55-ஆம் பிரிவில் அப்பொறுப்பு தொடர்கிறது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய அதிகாரம் 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடங்களுக்கே பொருந்துமாறு வரம்பு உயர்த்தப்பட்டுள்ளது. முன்பு அது 20. அதைவிடப் பெரிய இழப்பும் ஒன்று உண்டு. நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தத் தடை விதிக்கும் அதே சட்டத் தொகுப்பு, தூய்மைப் பணிக்கென்றே அமைந்த நிறுவனங்களைத் தவிர மற்ற இடங்களில், பெருக்குதல், துடைத்தல், கழிவகற்றல் ஆகியவற்றை மையப் பணி என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. தொற்றுத் தடுப்பு மருத்துவமனையின் உயிர்நாடி. ஆயினும் அதன் தரையைத் தூய்மையாக வைத்திருப்பது துணைப்பணியாம்.

எனினும் ‘உண்மையான முதலாளி யார்’ என்ற கேள்வி மூடப்பட்டுவிடவில்லை. சில்வர் ஜூபிலி தையலகம் வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம், தையற்காரர்கள் கடையின் தொழிலாளர்களா என்பதை ஆராய்கையில், தையல் இயந்திரங்கள் கடைக்குச் சொந்தமானவை என்பதை முக்கியச் சான்றாகக் கொண்டது. அதுமட்டுமே தீர்ப்பைத் தீர்மானிக்காது. மேற்பார்வையும் கட்டுப்பாடும் யாரிடம் என்பதும் பார்க்கப்படும். ஆயினும் ஸ்கிரப்பர் மீது ஒட்டியிருக்கும் சொத்து எண் யாருடையது, அதன் பழுதுக்குப் பணம் கொடுத்தவர் யார், இன்று எந்த வார்டைக் கழுவ வேண்டும் என்று ஆணையிடுபவர் யார் என்பவை தொழிற்சங்கங்கள் பதிவு செய்து வைக்க வேண்டியவை. கைப்பேசியில் எடுத்த ஒரு படம் பின்னாளில் ஆவணமாகலாம்.

ஒப்பந்தத்தில் கோர வேண்டியவை

மனுவும் வழக்கும் பழுதுக்குப் பின் வருபவை. ஒப்பந்தப் புள்ளி எழுதப்படும்போதே சங்கங்கள் தலையிட வேண்டும்.

முதலாவது: இயந்திரம் ‘இருக்க வேண்டும்’ என்பதற்குப் பதிலாக ‘இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்’ என்று எழுதப்பட வேண்டும். பழுதைச் சரிசெய்யக் கெடுநாள் குறிக்கப்பட வேண்டும். தவறினால் மாற்று இயந்திரமோ கூடுதல் ஆட்களோ தரப்பட வேண்டும்.

இரண்டாவது: நிர்வாகமே இயந்திரத்தை வாங்கிப் பராமரிப்பது நல்லது. ஒப்பந்ததாரர் மாறினாலும் இயந்திரம் மாறாது. மின்கலம் மாற்றும் செலவைத் தள்ளிப்போடும் நோக்கமும் எழாது.

மூன்றாவது: பணிநேரம் மாறும்போது இயந்திரத்தின் நிலை ஒரு பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். மணி மீட்டரின் எண், மின்கல நீரின் அளவு, கண்ட குறை, யாரிடம் எப்போது தெரிவிக்கப்பட்டது ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். தமிழில் இருக்க வேண்டும். எழுத இயலாதவருக்காக மேற்பார்வையாளர் எழுதிப் படித்துக்காட்ட வேண்டும்.

நான்காவது: பயிற்சியும், இயந்திரம் ஓட்டுபவருக்கு உரிய ஊதியப் பிரிவும் வேண்டும்.

ஐந்தாவது: மின்னேற்றும் இடம். ஈய-அமில மின்கலம் மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும்; காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினால் தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடும். காற்றோட்டமுள்ள அறை கட்டாயம். தூய்மைப் பணியாளர்கள் உணவு உண்ணவும் உடை மாற்றவும் ஒதுக்கப்படும் படிக்கட்டடி அறையே இயந்திரம் மின்னேற்றும் அறையாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அமிலத்தைக் கையாளக் கையுறையும் கண்ணாடியும் தரப்பட வேண்டும்.

ஆறாவது: ஓய்ந்த மின்கலம். மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி அதனை உரிய சேகரிப்பு, மறுசுழற்சி அமைப்புகளிடமே ஒப்படைக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போட்டால், அங்கே அதனை உடைத்து ஈயத்தை உருக்குபவரும் அநேகமாக நம்மில் ஒருவராகவே இருப்பார். அந்த நச்சு அவர் வீட்டுக் குழந்தைகள் வரை செல்லும்.

முதலில் குறிப்பிட்ட தொழிலாளியின் சார்பில் ஒப்பந்ததாரருக்குக் கடிதம் ஒன்று அனுப்பினோம்; மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கும் நகல் சென்றது. இயந்திரம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதற்கான ஆவணம், மின்கலம் வாங்கிய தேதி, பயிற்சி அளித்ததற்கான பதிவு, அவரிடம் விளக்கம் கோரிய கடிதம் ஆகிய நான்கின் நகல்களை மட்டும் கேட்டிருந்தோம். நான்கில் ஒன்றும் வரவில்லை. பிடித்த 3,500 ரூபாய் மட்டும் அடுத்த மாத ஊதியத்துடன் திரும்பி வந்தது. இயந்திரம் இன்னும் படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அதனைப் பழுது நீக்கவோ மாற்றவோ கோரும் மனுவில் இம்முறை அவர் மட்டுமின்றி அப்பிரிவின் தொழிலாளர்கள் அனைவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.